நிலத்தை விற்கும் முன்: கல்லீரல் கட்டிக்காக ஊர் தாண்டி வரும் உறவுகளுக்கு

அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் கல்லீரல் புற்றுநோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கும் அண்ணன், அண்ணி, மச்சான், மாமா, சித்தப்பா முறையுள்ள எல்லோருக்கும்,

நானும் நம்ம ஊர்ப் பெண்தான். சென்னையில் ஒரு மருத்துவமனையின் கேத் லேப்பில், அதாவது ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறையில், நர்ஸாக வேலை பார்க்கிறேன். இந்தக் கடிதத்தை நோயாளிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பாதி வீடுகளில் நோயாளிக்கு நோயின் பெயரே தெரியாது. "வயித்துல சின்னக் கட்டி, கரைச்சிடலாம்" என்று சொல்லித்தான் கூட்டி வருகிறீர்கள். படிவத்தில் கையெழுத்துப் போடுவதும், பணம் புரட்டுவதும், எந்த சிகிச்சை என்று தலையாட்டுவதும் நீங்கள்தான்.

அந்தத் தலையாட்டல் எப்படி நடக்கிறது என்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைக்கும் சிகிச்சைக்கு, "சாதா மருந்து வச்சு அடைக்கலாம், பீட்ஸ் வச்சு அடைக்கலாம், ரேடியேஷன் வச்சும் அடைக்கலாம்" என்று மூன்று விலைகள் சொல்லப்படும். சாதா மருந்தை எண்ணெயோடு கலந்து செய்வதைவிட, பீட்ஸ் என்ற மருந்து மணிகளுக்கு விலை கூடுதல். ரேடியேஷன் என்றால் பல லட்சம். நம் ஆட்கள் கேட்கிற ஒரே கேள்வி, "சார், எது பெஸ்ட்டு?" அதற்கு நேரான பதில் வருவதற்குள் மனது தானே முடிவு செய்துவிடும்: விலை கூடினதுதான் நல்லது. அன்று சாயங்காலமே நிலத்தை விற்கச் சொல்லி ஊருக்கு போன் போகும். சுண்ணாம்புக்கல் பூமிக்கு எப்போதும் ஒரு விலை உண்டு என்பதால் நம் பக்கத்தில் நிலம் சீக்கிரம் கைமாறிவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். எண்ணெய்க்கும் பீட்ஸுக்கும் நடுவே ஆயுளில் வித்தியாசம் இருப்பதாக இதுவரை நடந்த முக்கிய ஒப்பீடுகள் உறுதியாகக் காட்டவில்லை. ரேடியேஷன் முறைக்குத் தனிப் பயன் உண்டு, ஆனால் சில குறிப்பிட்ட நிலைமைகளில் மட்டும். பெட்டிக்குள் வரும் பொருளைவிட, நோயாளியின் கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை நடத்துகிற டாக்டரின் கை எப்படிப்பட்டது என்ற இரண்டும் முடிவை அதிகம் மாற்றுகின்றன. காசு கையைவிட்டுப் போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

அடைப்பு சிகிச்சைக்குத் தலையாட்டும் முன், இன்னொன்றைக் கேட்டுவிடுங்கள்: "இதை வெட்டி எடுக்க முடியாதா? சுட்டுக் கருக்க முடியாதா? கல்லீரல் மாற்ற முடியாதா?" நோயை வேரோடு போக்கும் வாய்ப்பு முதன்மையாக இந்த மூன்றுக்குத்தான். 5 செ.மீ.க்கு மிகாத ஒற்றைக் கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மிகாமல் மூன்று கட்டிகள் வரை, ரத்தக்குழாய்க்குள் பரவாமல் இருந்தால் கல்லீரல் மாற்று பலன் தரும் என்பது 1996-இல் மிலன் நகர மருத்துவர்கள் வகுத்த கணக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று நடந்திருக்கிறது, அதனால் "அதெல்லாம் பணக்காரங்களுக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெட்டவோ சுடவோ மாற்றவோ முடியாதபோதுதான் அடைப்பு சிகிச்சை பெரும்பாலும் வரும். மாற்று உறுப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் கட்டியை அடக்கி வைக்கவும் இதைச் செய்வதுண்டு.

இனி இந்த அடைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஒரு வயலுக்கு வாய்க்கால் தண்ணீரும் போர் தண்ணீரும் பாய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக வருகிறது, அது வாய்க்கால். மீதிக் கால் பங்கு இதயத்திலிருந்து வரும் தமனி வழியாக வருகிறது, அது போர். பயிர் வாய்க்கால் தண்ணீரிலேயே பிழைத்துவிடும். ஆனால் புற்றுக்கட்டி என்ற களை ஏறக்குறைய முழுவதும் போர் தண்ணீரைத்தான் குடிக்கிறது. போரை அடைத்தால் களை காயும், பயிர் தப்பும். இந்த ஒரு கணக்கின் மேல்தான் எல்லா அடைப்பு முறைகளும் நிற்கின்றன. இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. கட்டி வளர்ந்து வாய்க்காலையே அடைத்திருந்தால், நாம் போரையும் அடைக்கும்போது பயிரும் சேர்ந்து காயும். "போர்ட்டல் வெயின்ல அடைப்பு இருக்கு" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்தால் டாக்டர் முகம் மாறுவது இதனால்தான்.

சிகிச்சை நடக்கும் அறையில் நோயாளி பெரும்பாலும் விழித்தேதான் இருப்பார். இடுப்பு மடிப்பிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி கல்லீரல் தமனி வரை கொண்டுபோவார்கள். பிறகு அதற்குள்ளேயே, ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இன்னொரு குழாய். சாய மருந்து செலுத்தும்போது, "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடாதீங்க" என்பேன். அந்தச் சில நொடிகளில் திரையில் தமனிகள் மரக்கிளை போல விரியும். கட்டி இருக்கும் இடம் மட்டும் மை ஊறிய பஞ்சாகக் கறுக்கும். அந்தக் கறுப்புக்குள் போகும் கிளை எது என்று தேடுவதில்தான் நேரம் போகிறது. மருந்து செலுத்துவது அதற்குப் பிறகு சின்ன வேலை.

எண்ணெய் முறை பழையது. ஜப்பானியர்கள் 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் வளர்த்தெடுத்தது. டேஸ் என்று மட்டும் டாக்டர்கள் சொன்னால் பெரும்பாலும் இதுதான். லிப்பியோடால் என்ற அந்த எண்ணெய், கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்துச் செய்வது. பிரான்சில் 1901-இலேயே மார்செல் கெர்பே உண்டாக்கிவிட்டார். புற்றுக்கட்டி இந்த எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நல்ல கல்லீரல் கொஞ்ச நாளில் வெளியேற்றிவிடும். ஒரு சிரிஞ்சில் எண்ணெய், இன்னொன்றில் ரத்தச் சிவப்பான டாக்ஸோரூபிசின் மருந்து. இரண்டையும் மூன்று வழித் திருகில் மாட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளித் தள்ளி, ரோஸ் நிறக் கூழாக வரும்வரை கலக்குவோம். செலுத்திய பிறகு ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளால் தமனியை அடைப்பார்கள். பஞ்சு சில வாரங்களில் கரைந்து தமனி மறுபடி திறந்துகொள்ளும். அடுத்த முறை அதே வழியில் போகலாம்.

பீட்ஸ் என்பவை கண்ணுக்கு மாவு போலத் தெரியும் குட்டி மணிகள். 100 முதல் 300 மைக்ரான் அளவு வழக்கமானது. பாட்டிலைப் பிரிக்கும்போது நீலமாக இருக்கும் ஒரு வகை உண்டு. அதில் சிவப்பு மருந்தை ஊற்றி வைத்தால் மணிகள் மருந்தை உறிஞ்சி நிறம் மாறும், மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்துவிடும். தண்ணீர் தெளிந்தால் மருந்து ஏறிவிட்டது என்று பொருள். இந்த மணிகள் தமனியையும் அடைக்கும், மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்குள் விடும். எண்ணெய் முறையில் கொஞ்சம் மருந்து உடம்பெங்கும் ரத்தத்தில் கலந்துவிடுகிறது, இதில் அது குறைவு. காகிதத்தில் பார்த்தால் பீட்ஸ் ஜெயிக்க வேண்டும்.

ஜெயித்ததா? ஐரோப்பாவில் 212 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், கட்டி அடங்கியது பீட்ஸ் போட்டவர்களில் 52 சதவீதம், எண்ணெய் போட்டவர்களில் 44 சதவீதம். கணக்குப்படி இது உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாத இடைவெளி. முடி கொட்டுவது, கல்லீரல் அடிபடுவது போன்ற தொல்லைகள் மட்டும் பீட்ஸில் குறைந்தன. இத்தாலியில் 177 பேரிடம் நடந்து 2014-இல் வந்த ஆய்வு இன்னும் நேராகச் சொல்லியது: இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் பீட்ஸில் 56.8 சதவீதம், எண்ணெயில் 55.4. வலி மட்டும் பீட்ஸில் குறைவு. வலி குறைவது சின்ன விஷயம் இல்லைதான். கையில் பணமும், டாக்டர் சொல்லும் காரணமும் இருந்தால் பீட்ஸ் போடலாம். ஆனால் "எண்ணெய் போட்டதாலதான் அப்பா போயிட்டார்" என்று யாரும் தன்னையே நொந்துகொள்ள இந்தக் கணக்கில் இடமில்லை.

இன்னும் ஒரு வேடிக்கை. மருந்தே இல்லாமல் வெறும் மணிகளை மட்டும் போட்டு அடைத்தால் என்ன ஆகும் என்று நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 101 பேரிடம் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் வெறும் மணிக்கு 19.6 மாதம், மருந்து மணிக்கு 20.8 மாதம். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால், அடைப்பதுதான் பெரிய வேலையைச் செய்கிறது, மருந்து கூடவே துணைக்குப் போகிறது என்று நினைக்கிற டாக்டர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஆனால் ஒரு நர்ஸின் சந்தேகத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். அடைப்பு சிகிச்சையே வீண் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்சிலோனாவில் 112 பேரிடம் நடந்த 2002 ஆய்வில், மருந்தோடு அடைத்தவர்களில் 63 சதவீதம் பேர் இரண்டு ஆண்டு கடந்தார்கள். அறிகுறிக்கு மட்டும் மருத்துவம் பார்த்தவர்களில் 27 சதவீதம்தான் கடந்தார்கள். அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்வும் அதே பக்கம்தான் நின்றது.

மூன்றாவது, ரேடியேஷன். டேர் என்பார்கள், ஒய்-90 என்றும் சொல்வார்கள். யிட்ரியம்-90 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய மணிகள் இவை. பீட்ஸைவிடப் பல மடங்கு சிறியவை: கண்ணாடி வகை 20-30 மைக்ரான், பிசின் வகை 20-60 மைக்ரான். இவை பெரிய தமனியை அடைப்பதற்காகப் போடப்படுவதில்லை. கட்டிக்குள் போய் உட்கார்ந்து அங்கிருந்தே கதிரை விடுகின்றன. அந்தக் கதிர் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான் ஊடுருவும். தமனி ஓரளவு திறந்தே இருப்பதால், போர்ட்டல் குழாயின் கிளையில் அடைப்பு உள்ளவர்களுக்கும், மற்றவை பொருந்தினால், இதைச் செய்ய முடிகிறது. இந்த இடத்தில் அந்தக் கூடுதல் விலைக்கு நியாயம் இருக்கிறது. 8 செ.மீ. வரையிலான ஒற்றைக் கட்டிக்கும் கல்லீரல் புற்றுக்கான பார்சிலோனா வழிகாட்டுதல் 2022 முதல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

எண்ணெயோடும் பீட்ஸோடும் இதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் சிறியவை. சிகாகோவில் 45 பேரிடம் நடந்ததில் (2016) ரேடியேஷன் போட்டவர்களுக்கு நோய் மறுபடி வளர 26 மாதத்துக்கும் மேல் ஆனது, எண்ணெய் போட்டவர்களுக்கு 6.8 மாதம். ஆனால் ஆயுள் இருதரப்பிலும் கிட்டத்தட்ட ஒன்றே. பெல்ஜியத்தில் 72 பேரிடம் நடந்த 2022 ஆய்வில் பீட்ஸைவிட ரேடியேஷனுக்கு ஆயுளும் கூடியது: 30.2 மாதம், எதிரே 15.6. நம்பிக்கை தருகிற எண்தான், ஆனால் 72 பேர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். முற்றிய நோயில், சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரைக்கு எதிராக பிரான்சிலும் ஆசிய-பசிபிக் நாடுகளிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ரேடியேஷன் ஆயுளைக் கூட்டவில்லை. எந்த நோயாளிக்கு, எவ்வளவு கதிர் என்ற கணக்கைத் துல்லியமாகப் போட்டால் பலன் மாறுகிறது என்று பிறகு பிரான்சிலிருந்தே 60 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதனால் "ஒய்-90 போடறோம்" என்றால், "கதிர் அளவை யார் கணக்குப் போடுகிறார்கள்?" என்று கேளுங்கள்.

ரேடியேஷனில் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல், பயணம். முதலில் ஒத்திகை ஆஞ்சியோ ஒன்று செய்வார்கள். கட்டியிலிருந்து நுரையீரலுக்கு எவ்வளவு கசிகிறது என்று அதில் பார்ப்பார்கள், கசிவு அதிகமென்றால் சிகிச்சையே ரத்து. சரியென்றால் சில நாளோ இரண்டு வாரமோ கழித்து உண்மையான சிகிச்சை. மருந்து 64 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் பொருள். உங்கள் பெயருக்கு, குறிப்பிட்ட தேதிக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு என்று வரவழைப்பார்கள். அன்று காலைப் பல்லவன் ரயிலைத் தவறவிட்டேன், கோயில் திருவிழா, கொல்லையில் கடலை பிடுங்கணும் என்றால் பாட்டில் காத்திருக்காது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே இத்தகைய கண்ணாடி மணிகளை உருவாக்கி பாபாஸ்பியர் என்று பெயரிட்டிருக்கிறது. அது பரவலானால் விலை இறங்கலாம்.

இப்போது நான் முன்னே சொன்ன கல்லீரலின் நிலைக்கு வருகிறேன். கட்டியைவிட இதை அதிகம் கவனியுங்கள். நம் ஆட்களில் பலருக்குப் புற்று வருவதற்கு முன்பே கல்லீரல் சுருங்கியிருக்கும்: சாராயம், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சர்க்கரையோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் என்று காரணம் பல. மிச்சமிருக்கும் கல்லீரல் அடைப்பைத் தாங்குமா என்பதற்கு டாக்டர்கள் சைல்டு-பியூ என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். ரத்தத்தில் மஞ்சள் அளவு, அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, அறிவு தடுமாறுகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை போடுவார்கள். 5, 6 வந்தால் ஏ. 7 முதல் 9 வரை பி. அதற்கு மேல் சி. ஏ என்றால் தயக்கம் குறைவு. பி-யில் 7 வரை யோசித்துச் செய்வார்கள். சி என்றால் அடைப்பு சிகிச்சை பெரும்பாலும் கெடுதலே செய்யும். கட்டி சாவதற்கு முன் கல்லீரல் கைவிட்டுவிடும். கண் மஞ்சளும் வயிற்றில் நீருமாக வந்தவருக்கு டாக்டர் "வேண்டாம்" என்றால், பணம் இல்லையென்று தள்ளுகிறார் என நினைத்து வேறு ஆஸ்பத்திரி தேடி ஓடாதீர்கள். ஃபைலில் சைல்டு-பியூ எழுத்து எங்கே என்று கேட்டு, அதைக் குறித்துக்கொண்டு போய் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

கை பற்றியும் கேளுங்கள். முழு வலது மடலுக்கும் மருந்தைக் கொட்டுவதும், கட்டிக்குள் போகும் கடைசிக் கிளை வரை போய்க் கொடுப்பதும் ஒன்றல்ல. "எவ்வளவு உள்ளே போய்க் கொடுப்பீங்க?" என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார், படத்தைத் திருப்பிக் காட்டுவார்.

கீழாநெல்லி பற்றி எழுதாவிட்டால் ஊருக்குள் வர முடியாது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேரிடம் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது கிருமி பற்றிய ஆய்வு, கட்டி பற்றியது அல்ல என்பதையும் கவனியுங்கள். ஏற்கெனவே சுருங்கிய கல்லீரலுக்குப் பெயர் தெரியாத சூரணங்கள் மேலும் அடி கொடுக்கும். குடித்திருந்தால் எங்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தாலும் அங்கே முன்பு ஆபரேஷன் நடந்திருந்தாலும் அவசியம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அடைப்புக்குப் பிறகு கல்லீரலில் சீழ் கட்டும் ஆபத்து அதிகம்.

சிகிச்சை முடிந்த முதல் வாரம் காய்ச்சல், வயிற்றின் வலப்பக்கம் வலி, குமட்டல் வரும். செத்துக்கொண்டிருக்கும் கட்டியின் வேலை அது, பெரும்பாலும் தானாக அடங்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, கண் மஞ்சளானாலோ, ஆள் குழப்பமாகப் பேசினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் சிகிச்சை செய்த இடத்துக்கு போன் போட்டுவிட்டு, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போங்கள். 4 முதல் 6 வாரத்தில் மறுபடி ஸ்கேன். இங்கேதான் பலர் தவறாகப் படித்துப் பயப்படுகிறார்கள். "அளவு அப்படியே இருக்கே, காசெல்லாம் வீணா?" கட்டி சுருங்காமலே செத்திருக்கலாம். சாய மருந்து ஏறுகிற உயிருள்ள பகுதி எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு, அதைக் கேளுங்கள். இரண்டு முறை செய்தும் அந்தப் பகுதி அடங்கவில்லையென்றால் மூன்றாவது முறைக்கு அவசரப்படாமல், மாத்திரைக்கோ நோய் எதிர்ப்பு ஊசிக்கோ மாறலாமா என்று பேச வேண்டிய நேரம் அது.

பணம் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. காப்பீட்டுக் கவுண்டரில் "கல்லீரல் கட்டி" என்று பொதுவாகச் சொல்லாமல், டாக்டர் எழுதிய சிகிச்சையின் பெயரைச் சீட்டோடு காட்டி எந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்று கட்ட சி.டி. ஸ்கேனின் ஃபிலிமை மட்டுமல்ல, அது பதிவான டிஸ்க்கையும் கையோடு கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். சுருங்கிய கல்லீரலில் வந்த கட்டியைப் பல நேரங்களில் அந்த ஸ்கேனிலேயே உறுதி செய்துவிடலாம். "சதை எடுத்துப் பார்க்கவே இல்லையே" என்று சந்தேகப்பட வேண்டாம்.

கடைசியாக வீட்டில் உள்ளவர்கள். நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்தால், கட்டி வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே தெரிய வாய்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண், கேத் லேப் நர்ஸ்